சித்தாலேப போத்தலில் இருந்த 31 காசுகள்



போன கிழமை குடும்ப வட்ஸ்அப் குரூப்பில் நாங்கள் போட்ட நாலு ஃபோட்டோ எப்படியோ ஊர் முழுக்கச் சுற்றிவிட்டது. இரண்டு நாளாக ஃபோன் ஓயவில்லை. பாதிப் பேர் "என்ன விலை போகும்?" என்று கேட்கிறார்கள். மீதிப் பேர் "புதையலாமே" என்கிறார்கள். ஆளாளுக்கு ஒரு கதை சொல்லிக் களைத்துவிட்டோம். அதனால் ஒரே தடவையில் முழுவதையும் எழுதிவிடுகிறோம். நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

நாங்கள் என்றால் ராத்தாவும் தம்பியும். எங்களில் மூத்தவள் வரலாறு படிப்பிக்கிறவள், இளையவன் ஃபோன் திருத்தும் கடை வைத்திருக்கிறவன். வாப்பா எருக்கலம்பிட்டி ஆள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். 1990க்கு முன் வாப்பா தீவைத் தாண்டி மாந்தைப் பக்கம், கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீர் பாய்கிற ஒரு காணியில் குத்தகைக்கு வேளாண்மை செய்தவர். 1983 மாரியில் வாய்க்கால் வெட்டும்போது மண்வெட்டியில் ஒரு பச்சைக் கட்டி தட்டுப்பட்டது. உடைத்துப் பார்த்தால் சின்னச் சின்னச் செப்புத் துண்டுகள். ஒரு சுண்டு அளவு இருந்ததாம். சாச்சாமார் வீட்டுப் பிள்ளைகள் கடை விளையாடியே முக்கால்வாசியைத் தொலைத்துவிட்டார்கள். மிஞ்சியதை வாப்பா ஒரு வெறும் சித்தாலேப போத்தலில் போட்டு மூடி வைத்தார்.

அந்தப் போத்தல் ஊரை விட்டு வெளியேறியது ஒரு தவறுதலால்தான். 1990 ஒக்டோபரில் கிளம்பச் சொன்னபோது எங்களில் மூத்தவளுக்கு இரண்டு வயது, கடுமையான தடிமன். உம்மா பிள்ளையின் நெஞ்சுக்குத் தடவத் தைலம் என்று நினைத்து அதைப் பால்மாப் பையில் போட்டுக்கொண்டா. சோதித்தவர்கள் மூடியைக்கூடத் திறக்கவில்லை. உம்மாவின் நகைகள் கரையிலேயே போய்விட்டன. வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கி, அன்றிரவு பிள்ளை இருமுகிறதென்று மூடியைத் திறந்தால் உள்ளே செப்புக் காசு. "நகையெல்லாம் போச்சு, இந்தக் குப்பை வந்திருக்கு" என்று உம்மா அழுதுகொண்டே சிரித்ததை வாப்பா இப்போதும் சொல்லுவார். உம்மா மவுத்தாகி ஆறு வருடம். போத்தல் அலுமாரியின் மேல் தட்டில் அப்படியே இருந்தது.

கல்வியியற் கல்லூரியில் படிக்கும்போது இலங்கையில் உரோமக் காசுகள் கிடைக்கின்றன என்று குறிப்பில் எழுதி, பரீட்சைக்குப் பாடமாக்கி, மறந்தும் போனோம். வீட்டு அலுமாரியில் அது இருக்கும் என்று யார் நினைத்தது? போன வருட நோன்பு விடுமுறையில் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க அலுமாரியை நகர்த்தியபோதுதான் போத்தலை எடுத்துக் கொட்டிப் பார்த்தோம். 31 இருந்தது. ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு. பச்சையும் கறுப்புமாகப் பாசி பிடித்த மாதிரி.

முதலில் நாங்கள் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிட வேண்டும். துலக்கினால் எழுத்துத் தெரியும் என்று மூன்று காசைத் தேசிக்காய்ச் சாற்றில் ஊறப்போட்டு, பழைய பல் தூரிகையால் தேய்த்தோம். பச்சை போனது, செம்பு பளபளவென்று வந்தது. கூடவே முகமும் போனது, எழுத்தும் போனது. அந்தப் பச்சைப் படையில்தான் முகம் இருந்திருக்கிறது. செம்பு நூற்றுக்கணக்கான வருடம் மண்ணில் கிடக்கும்போது மேல்தோல் அப்படியே மாறிப்போகிறது. எழுத்து நிற்பது அந்தத் தோலில்தான். அமிலம் பட்டால் அது உரிந்துவிடும். மூன்று காசு 1,600 வருடம் மண்ணில் தப்பியது, எங்கள் குசினியில் அரை மணி நேரம் தப்பவில்லை. மற்றவற்றுக்குப் பற்றரித் தண்ணீர் மட்டும்தான் போட்டோம். காய்ச்சி வடித்த தண்ணீர், அதில் உப்பு இல்லை. இரண்டு நாளைக்கு ஒரு தடவை மாற்றி மாற்றி ஒரு மாதம் ஊறவைத்து, மெல்லிய தும்பால் மண்ணை மட்டும் எடுத்தோம். வெளிர்பச்சைத் தூள் மாதிரிக் கக்குகிற காசுகளை வேறாக வைத்தோம். கடல் பக்கத்து உப்பு செம்புக்குள் இறங்கினால் அப்படிக் கக்கும், பக்கத்தில் ஈரம் இருந்தால் காசையே தின்றுவிடும்.

அதற்குப் பிறகுதான் தம்பியின் கடை மைக்ரோஸ்கோப். ஃபோன் போர்டில் சோல்டர் வைக்கிற அதே கருவி. இரவு கடை பூட்டிய பிறகு காசை அதன் கீழே வைத்து லைட்டைச் சரித்துப் பிடிப்போம். நேராக வெளிச்சம் அடித்தால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் சரித்தால் தேய்ந்த மேடு பள்ளம் நிழலாக எழும்பும். முதல் தடவை ஒரு தலை எழும்பி வந்தபோது இரண்டு பேரும் பேசவில்லை. வலப்பக்கம் பார்க்கிற முகம், தலையைச் சுற்றி முத்து முத்தாகப் பட்டி, பின்னால் முடிச்சின் இரண்டு வால்.

அந்த முகத்தைப் பார்த்து இவர் இன்ன பேரரசர் என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தோம். முடியாது. நான்காம் நூற்றாண்டு உரோமக் காசுகளில் எல்லா அரசரும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருப்பார்கள். சுற்றியுள்ள எழுத்து முழுதாக இருந்தால் பெயர் வாசிக்கலாம். எங்களிடம் இருந்தவற்றில் பெரும்பாலும் தொடக்கத்து டி.என். என்ற இரண்டு எழுத்தோ கடைசி ஏ.வி.ஜி. என்ற மூன்று எழுத்தோதான் மிச்சம். முதலாவது 'எங்கள் தலைவர்' என்பதன் சுருக்கம், இரண்டாவது 'அகஸ்டஸ்'. லத்தீனில் யூவையும் வீ மாதிரியே எழுதுவார்கள் என்பது தெரியாமல் ஒரு கிழமை வீணானது. பிறகுதான் பிடிபட்டது, காசைத் திருப்ப வேண்டும் என்று. பின்பக்கப் படம்தான் காலத்தைச் சொல்லும்.

நாலு காசில் ஒரு படைவீரன், குதிரையிலிருந்து சரிகிற ஒருவனை ஈட்டியால் குத்துகிறான். கொன்ஸ்டன்டைனின் மகன் இரண்டாம் கொன்ஸ்டான்டியஸ் காலத்தில் 348 அளவில் தொடங்கி ஏராளமாக அடித்த வகை இது. சுற்றி எழுதியிருப்பதன் கருத்து, நல்ல காலம் திரும்பி வந்துவிட்டது என்பது. வாப்பாவுக்கு அதை வாசித்துக் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுப் படத்தை ஃபோனில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஒருத்தனக் குத்திக்கிட்டு நிக்கிறான், இதுல நல்ல காலம் ஆருக்கு?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

இரண்டு காசில் இரு படைவீரர், நடுவில் கொடிக்கம்பம். அது 330களில் தொடங்கிய வகை. ஐந்தில் இறகு முளைத்த ஒரு பெண் உருவம் தோளில் வெற்றிச்சின்னத்தைச் சுமந்துகொண்டு ஒரு கைதியை இழுத்துப்போகிறது. 'அரசின் நலம்' என்று எழுத்து. 388இலிருந்து தியோடோசியஸ், ஆர்கேடியஸ், ஹொனோரியஸ் ஆட்கள் அடித்தது. இரண்டில் மூன்று பேர் வரிசையாக நிற்கிறார்கள். அது 406க்கும் 408க்கும் இடையில், ஒரே நேரத்தில் மூன்று பேர் பேரரசராக இருந்த காலம். அடிக்கோட்டுக்குக் கீழே எழுத்து இருந்தால் எந்த நகரத்தில் அடித்தது என்றும் சொல்லலாம். ஏ.எல்.இ. என்றால் அலெக்சாந்திரியா. ஏ.என். என்று தொடங்கினால் அந்தியோக்கியா. ஒரேயொரு காசில்தான் எங்களுக்கு அது தெரிந்தது. ஏ.எல். வரை தெளிவு, அடுத்த எழுத்து அரைவாசி. எகிப்தில் அடித்த செப்புக் காசு, செங்கடல் வழியாக இறங்கி, எங்கள் வாப்பாவின் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

எட்டு வாசிக்கவே முடியாதவை. தேசிக்காய்க்குப் பலியானது மூன்று.

இனி வருவதுதான் எங்களுக்கு மிகவும் பிடித்தது. ஆறு காசில் எழுத்து எழுத்தாகவே இல்லை. கோடு, கோடு, புள்ளி, ஒரு வட்டம். படைவீரன் தீக்குச்சி மனிதன் மாதிரி நிற்கிறான். முதலில் தேய்மானம் என்று நினைத்தோம். தேய்மானமில்லை. லத்தீன் தெரியாத ஒருவர், உரோமக் காசைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்துச் செய்தது. இலங்கையில் கிடைக்கிற உரோமக் காசில் பெரும்பகுதி இந்த நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுச் சின்னச் செப்புக் காசுகள்தான். கோயம்புத்தூர், கரூர்ப் பக்கம் கிடைப்பதைப் போல அகஸ்டஸ், திபேரியஸ் காலத்து வெள்ளிக் குவியல்கள் இங்கே இல்லை. செப்புக் காசு இங்கே சில்லறையாகப் புழங்கியது, போதாமல் போனபோது உள்ளூரிலேயே அதைப் போலச் செய்துகொண்டார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கொட்ரிங்டன் 1924இல் எழுதிய இலங்கைக் காசுகள் பற்றிய நூலிலும் இந்தப் போலிகள் வருகின்றன. ஜெர்மன்காரர் வால்பர்க் 2008இல் போட்ட ஒரு பெரிய புத்தகத்திலும் இவை வருகின்றன. நாங்கள் 'போலி' என்று சொல்லக் கூடாது என்று எங்களில் ஒருவர் இன்னும் சண்டை பிடிக்கிறார். ஏமாற்றச் செய்ததில்லையே, கடையில் மிச்சக்காசு கொடுக்கச் செய்தது. அந்த ஆறும்தான் எங்கள் மண்ணில் பிறந்தவை.

கூட்டிப் பாருங்கள், 30தான் வரும். 31ஆவது ஒன்று இருந்தது. வாப்பா போத்தலில் வேறாக ஒரு துணியில் சுற்றி வைத்திருந்தது. "இதுதான் எல்லாத்திலயும் பழசு, ராசா காலத்துது" என்று சின்ன வயதில் எங்களுக்குக் காட்டுவது. மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் வி.ஓ.சி. ஒல்லாந்தக் கம்பனியின் துட்டு. கூட்டத்திலேயே வயது குறைந்தது, மற்றவற்றை விட 1,300 வருடம் இளையது. சொல்வதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தோம். சொன்னதும் வாப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, கம்பனியும் பழசுதானே" என்றார்.

வாப்பாவுக்குக் காசை விடக் கதையில் விருப்பம். பிளினி என்ற உரோம எழுத்தாளர் முதலாம் நூற்றாண்டில் எழுதியதைச் சொன்னோம். செங்கடல் வரி குத்தகை எடுத்திருந்த அன்னியஸ் பிளோகமஸ் என்பவரின் ஆள் ஒருவர், அரபுக் கரையோரம் போகும்போது காற்றில் அடிபட்டுப் பதினைந்தாம் நாள் இலங்கையில் ஒரு துறையில் ஒதுங்குகிறார். ஆறு மாதம் அரசனின் விருந்தாளி. அவரிடமிருந்த வெள்ளிக் காசுகளை அரசன் பார்க்கிறான். ஒவ்வொன்றிலும் வேறு வேறு தலை, ஆனால் நிறை ஒன்று. இவ்வளவு நேர்மையான ஆட்களா என்று வியந்து நாலு தூதுவரை உரோமுக்கு அனுப்புகிறான். அந்தத் துறையின் பெயர் ஹிப்புரோஸ். அது நம்முடைய குதிரைமலை என்று சொல்கிறவர்கள் உண்டு. வாப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "வள்ளத்துல வரக்குள்ள விடியப்பறம் குதிரைமலையக் கண்டோம்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் காசுகளைச் சொந்தக்கார நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தோம். ஒன்றோடு ஒன்று ஒத்துவரவில்லை. ஒரு கிராமிலிருந்து இரண்டரை கிராம் வரை எல்லாம் இருந்தது. அந்த அரசன் இவற்றைப் பார்த்திருந்தால் தூதுவரை அனுப்பியிருக்க மாட்டான்.

இதுவரைக்கும் சந்தோஷமான பகுதி. பிறகு வீட்டுக்குள் பிரச்சினை தொடங்கியது.

இந்த நாட்டில் 1940ஆம் ஆண்டிலிருந்து தொல்பொருட் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 1815 மார்ச் 2க்கு முந்திய எதுவும் தொல்பொருள். மண்ணுக்குள்ளிருந்து எடுப்பது காணிக்காரனுக்கும் இல்லை, தோண்டியவனுக்கும் இல்லை, அரசுக்கு. கிடைத்தால் அறிவிக்க வேண்டும். வகுப்பில் இதைப் படிப்பிக்கிறவள் எங்களில் ஒருத்தி. தோண்டிக் களவெடுக்கிறவர்களைப் பற்றிப் பிள்ளைகளுக்கு வாய் கிழியச் சொல்கிறவளும் அவள்தான். அவளுடைய வீட்டு அலுமாரியில் 31.

தம்பி சொன்னது இது: "ராத்தா, அவங்க ஊரையே விட்டுட்டு வந்தாங்க. காணிக்கு உறுதி இல்ல, வீட்டுக்குக் கூரை இல்ல. கைல வந்தது இது மட்டும். இதையுமா குடுக்கணும்?" இதற்குச் சட்டப் புத்தகத்தைக் காட்டிப் பதில் சொல்ல முடியுமா? ஒரு கிழமை இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. வாப்பாவிடம் யாரும் கேட்கவுமில்லை. அவருடைய காசைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தோம்.

இதற்கிடையில் யாரோ சொல்லி ஒருவர் கொழும்பிலிருந்து ஃபோன் பண்ணினார். நாணயம் சேர்க்கிறவராம். நல்ல விலை தருவாராம். "எங்கே எடுத்தது என்று மட்டும் ஒருவரிடமும் சொல்ல வேண்டாம்" என்றார். தம்பி அந்த ஒரு வார்த்தையில் மாறிவிட்டான். ஃபோனை வைத்துவிட்டு, "அப்ப அவருக்கு இது வெறும் செம்பு" என்றான். விலை கேட்ட எல்லோருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்: இந்த வகைத் தேய்ந்த செப்புக் காசு வெளிநாட்டுச் சந்தையில் சில டொலருக்குத்தான் போகும். லட்சம் கோடி எல்லாம் கதை. மாந்தையில் இன்ன வயலில், இன்ன ஆழத்தில், இத்தனை ஒன்றாகக் கிடந்தது என்பதுதான் அதன் பெறுமதி. அதை மறைத்தால் சில டொலர் மட்டுமே மிஞ்சும். அதற்காக இரவில் கருவி கொண்டுபோய்த் தோண்டுகிறவர்களும், மந்திரவாதியைப் பிடித்துப் பூசை போடுகிறவர்களும் எத்தனை இடத்தை நாசமாக்கியிருக்கிறார்கள்.

கடைசியில் வாப்பாவிடமே கேட்டோம். கோபப்படுவார் என்று பயந்தோம். அவர் வேறொன்று சொன்னார். மாந்தையில் ஜோன் கார்ஸ்வெல் என்ற வெள்ளைக்காரரின் குழு 1980இலிருந்து அகழ்வு செய்தது, நிலைமை மோசமாகி 1984இல் நின்றுபோனது. அந்த அறிக்கை புத்தகமாக வர 2013 ஆனது. அவர்கள் கிடங்கு வெட்டுவதை வாப்பா சைக்கிளில் போகும்போது பல தடவை நின்று பார்த்திருக்கிறார். "போத்தலக் கொண்டு போய் ஒருக்காக் காட்டுவமா எண்டு நினைச்சேன். பறிச்சிப் போட்டாங்க எண்டா எண்டு பயம். பிறகு அவங்களும் போனாங்க, நாங்களும் போனோம்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "குடுக்கிறண்டா இடத்தக் காட்டித்தான் குடுக்கணும். என்னைக் கூட்டிக்கிட்டுப் போங்க" என்றார்.

ஒரு சனிக்கிழமை சுபஹோடு வேன் பிடித்து அனுராதபுரம், மதவாச்சி வழியாகப் போனோம். இடத்தை உடனே காட்டிவிடுவார் என்று நினைத்தோம். முடியவில்லை. பாதை மாறியிருந்தது, வரம்பு மாறியிருந்தது. அவர் அடையாளம் வைத்திருந்த மருத மரம் இல்லை. வெயிலில் ஒரு மணி நேரம் வரம்பு வரம்பாக நடந்தார். 74 வயது. "இதுதான்" என்பார், நாலு எட்டு வைத்து "இல்ல" என்பார். வயலில் நின்ற ஒரு தமிழ் ஐயாதான் உதவினார். வாப்பா அந்தக் காலத்துக் குத்தகைக்காரரின் பெயரைச் சொன்னதும், "ஓம் அண்ணை, அவையின்ரை துண்டு அந்தப் பக்கம், பழைய வாய்க்கால் தூர்ந்துபோச்சு" என்று கூட்டிப் போனார். வாய்க்கால் வளைகிற இடத்தில் வாப்பா நின்றார். இந்த முறை "இல்ல" என்று சொல்லவில்லை. தம்பி ஃபோனில் இடத்தைக் குறித்துக்கொண்டான். அந்த ஐயாவும் உழும்போது இப்படிச் சிலது கண்டிருக்கிறாராம், பிள்ளைகள் எறிந்து விளையாடுமாம். இனி எறிய விட வேண்டாம், விற்கவும் வேண்டாம் என்று வாப்பா அவரிடம் சொல்லிவிட்டு வந்தார். தேசிக்காய் விஷயத்தையும் மறக்காமல் சொன்னார், எங்களைப் பார்த்துக்கொண்டே.

அடுத்த கிழமை தொல்பொருள் திணைக்களத்தில் ஒப்படைத்தோம். ஏன் இவ்வளவு காலம் சொல்லவில்லை என்று கேட்பார்கள் என்று பயந்துகொண்டுதான் போனோம். அங்கிருந்த அதிகாரி காசுகளை ஒருமுறை பார்த்துவிட்டு, இடக்குறிப்பைத்தான் நெடுநேரம் பார்த்தார். கட்டியாகக் கிடந்ததா, பானை ஓடு இருந்ததா, எத்தனை முழ ஆழம் என்று வாப்பாவிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். பானை ஓட்டை வாப்பா வாய்க்கால் கரையிலேயே எறிந்துவிட்டாராம். எங்களுக்கே அது புதுச் செய்தி. ஒல்லாந்தத் துட்டு பிறகு விழுந்ததாக இருக்கும், அதையும் சேர்த்தே கொடுங்கள் என்றார். தேசிக்காய்க் காசு மூன்றையும் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அது சொல்லியதை விட மோசமாக இருந்தது.

கண்டெடுத்தவர் என்ற இடத்தில் வாப்பாவின் பெயரையும், முகவரிக்கு எருக்கலம்பிட்டியையும் எழுதச் சொன்னார் வாப்பா. இப்போதைய முகவரிதான் வேண்டும் என்றார் அதிகாரி. இரண்டையும் எழுதினார்கள். 31 என்று எண்ணிப் பற்றுச்சீட்டுத் தந்தார்கள். போத்தல் தேவையில்லை என்றதும் வாப்பா அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆகவே விலை கேட்டு ஃபோன் எடுக்கிறவர்களுக்கு: எங்களிடம் இப்போது ஃபோட்டோவும் பற்றுச்சீட்டும்தான் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது இருந்தால், அதுவும் ஊரிலிருந்து வந்ததாக இருந்தால், கழுவ வேண்டாம், தேய்க்க வேண்டாம். எந்தக் காணி, எந்த வருடம், யார் எடுத்தது என்று வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் இன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள். இன்பொக்ஸில் படம் அனுப்பினால் எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறோம், எங்கே அறிவிப்பது என்றும் சொல்கிறோம். கடை மைக்ரோஸ்கோப் இரவு ஒன்பதுக்குப் பிறகு சும்மாதான் இருக்கிறது.